டிவியிடம் பேசிய தமிழ்

ரோஷினிக்கு மூன்று வயது நிறையப் போகிறது, இன்னும் ஒரு சொல் பேசவில்லை. பால் வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ் கதவைத் தட்டுவாள். தூக்க வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் மேலே நீட்டுவாள். பிடிக்காததற்கு ஒரு கத்தல். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வந்தாள். காதில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார். பேச்சு மட்டும் வரவில்லை.

அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய காப்பெலில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டுக்குப் பக்கத்து டேகேரில்தான் இந்தக் கவலையை முதலில் வாய்விட்டுச் சொன்னார்கள். அங்கிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். இளம்பெண், சிரித்த முகம். வீட்டில் என்ன மொழி என்று கேட்டாள். இரண்டு மொழிகளுக்கு நடுவே குழந்தை குழம்பிப் போயிருக்கிறாள், கொஞ்ச காலம் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றாள்.

ரோஷினியின் அப்பா செல்வராஜ் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். சாஃப்ட்வேர்காரன். பிரச்சினை என்று ஒன்று இருந்தால் செய்வதற்கும் ஏதாவது இருக்க வேண்டும் அவனுக்கு. அன்று மாலையே வீட்டில் தமிழ் நின்றது.

சாந்தாமணிக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் பி.எஸ்சி. முடித்தவள். ஆங்கிலம் வாசிப்பாள், கேட்டால் புரியும், வாயில் மட்டும் சுலபமாக வராது. அதற்கு முன்பெல்லாம் குளிப்பாட்டும்போதும் தலை சீவும்போதும் சோறு ஊட்டும்போதும் மகளிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள். இப்போது 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்' என்பதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஏ.சி. ஓடும் சத்தம்தான் கேட்டது.

கணவனைக் கூப்பிடுவதை மட்டும் அவள் மாற்றவில்லை.

"'ஏனுங்க'ன்னு கூப்படறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லுங்க, அதையும் விட்டர்றேன்" என்றாள்.

தொண்ணூற்றாறாம் வருடக் கோடை அது. பக்கத்து ஆர்லிங்டன் அணியான ரேஞ்சர்ஸ் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் எல்லாரும் அதையே பேசியதால் செல்வராஜும் பேஸ்பால் பார்க்கப் பழகியிருந்தான். மாலையில் வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போடுவான். நல்ல ஆங்கிலம் குழந்தையின் காதில் விழட்டும் என்பது கூடுதல் காரணம். எட்டு மணிக்கும் வெயில் முகத்தில் அடிக்கும் ஊர் என்பதால் ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டு மூவரும் உட்காருவார்கள். ரோஷினி மட்டும் உட்கார மாட்டாள். டிவியை ஒட்டி நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

முதலில் சாந்தாமணிக்கு எரிச்சலாக இருந்தது. ஆடுகிற நேரத்தைவிட எச்சில் துப்புகிற நேரம் அதிகமாக இருக்கிறதே என்று நினைத்தாள். ஆனால் பேசுவதற்கு ஒன்றும் இல்லாத வீட்டில் வேறு என்ன செய்வது? பார்த்துப் பார்த்து ஆட்டம் புரிந்துவிட்டது. பந்தை அடித்தவன் நாலு மூலையையும் சுற்றிப் பத்திரமாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். பாதி வழியில் நின்று ஓடுவதா வேண்டாமா என்று தவிக்கிறவனைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. தன்னையறியாமல் வாய் திறந்துகொள்ளும்.

"ஓடு சாமி, ஓடு! நிக்காத, ஓடு!"

"சாந்தா, நோ டமில்" என்பான் செல்வராஜ்.

"புள்ளகிட்டப் பேசலைங்க. அந்தப் பையன்கிட்டப் பேசறேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். டிவியோடு பேசுவதில் என்ன தப்பு என்று அவனும் விட்டுவிட்டான். அதன்பின் மாலையானால் சாந்தாமணி பகலெல்லாம் அடக்கிவைத்த பேச்சை அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் மேல் கொட்டினாள். பந்தைத் தவறவிட்டவனுக்குத் திட்டு. தலைகுனிந்து திரும்புகிறவனுக்கு, "போச்சாது விடு கண்ணு, அடுத்த வாட்டி அடிக்கலாம்" என்று ஆறுதல்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் பயிற்சியாளர் செல்வராஜின் ஆபீஸுக்கே போன் செய்தாள். எந்த முன்னேற்றமும் தெரியவில்லை, டாலஸில் பெரிய டாக்டரிடம் முழுமையாகப் பரிசோதிப்பது நல்லது என்றாள். பேச்சு மட்டுமல்லாமல் மூளை வளர்ச்சியையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். செல்வராஜ் வீட்டுக்கு வந்து, குழந்தை கேட்காதபடி சமையலறையில் வைத்துத் தமிழில்தான் மனைவியிடம் சொன்னான்.

சாந்தாமணி அடுப்பை அணைத்தாள். சூடாக இருந்த அரிசிம்பருப்புச் சோற்றை மூடிவைத்தாள்.

வழக்கம்போல டிவி ஓடியது. சோபாவின் இரண்டு ஓரங்களில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அணிகளும் சமமாக இருந்தன. ரேஞ்சர்ஸ் ஆள் ஒருவன் அடித்த பந்து வலது மூலைக்குப் போனது. அங்கே நின்றவன் அதைப் பிடிக்கத் தடுமாறினான். ஏற்கெனவே இரண்டாவது மூலையில் நின்றிருந்தவன் நாலடி ஓடினான், நின்றான், பின்னால் பார்த்தான். மற்ற நாளாக இருந்தால் சாந்தாமணி எழுந்தே நின்றிருப்பாள். அன்று அவள் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடு சாமி."

சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு. சாந்தாமணி தலையைத் தூக்கினாள். டிவியில் ஒரு கையை ஊன்றி நின்ற ரோஷினி, மறு கையால் அந்த ஆட்டக்காரனை விரட்டினாள்.

"ஓடு சாமி! ஓடு!"

செல்வராஜ் பதறிப்போய் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினான். அவள் குரல் சரியாகக் கேட்க வேண்டும் என்றுதான். ஆனால் சத்தம் நின்றது ரோஷினிக்குப் பிடிக்கவில்லை. திரும்பி அப்பாவை முறைத்தாள்.

"ஏனுங்!"

ரிமோட் அவன் கையிலிருந்து நழுவியது. சாந்தாமணி சோபாவிலிருந்து தரைக்கு இறங்கி, கார்ப்பெட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன சொன்னா? சாந்தா, என்ன சொன்னா?"

"உங்களத்தான் கூப்படறா. என்னன்னு கேளுங்க."

செல்வராஜ் மகள் முன்னால் மண்டியிட்டான். "சாமி, அப்பாகிட்ட இன்னொருக்காச் சொல்லு. என்ன வேணும் கண்ணு?"

"இங்கிலீஷ்ல கேளுங்க" என்றாள் சாந்தாமணி, மூக்கை உறிஞ்சியபடி.

"அட அது கெடக்குது விடு!"

அவன் சத்தத்தைத் திரும்ப வைத்தான். ரோஷினி சமாதானமாகி டிவி பக்கம் திரும்பினாள். அங்கே இப்போது யாரும் ஓடவில்லை. ஒருவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். அவனையும் ஓடச் சொன்னாள்.

மூடிவைத்த சோற்றைச் சாந்தாமணி எடுத்து வந்து நெய் விட்டுப் பிசைந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் பேசினாள். இது பருப்பு, இது பூண்டு, ஊதித் தாறேன் இரு, அப்பாவைப் பாரு, அப்பளத்தைத் தானே தின்னுட்டு உக்காந்திருக்கறார். அடைத்திருந்த குழாய் திறந்துகொண்டதுபோல வந்தது பேச்சு. ரோஷினி வாயில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்சம் நிறுத்தினால் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அன்று ரேஞ்சர்ஸ் தோற்றுப்போனது செல்வராஜுக்கு மறுநாள் ஆபீஸில்தான் தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரர் அதைத் துக்கமாகச் சொன்னபோது இவன் சிரித்துவிட்டான். அவர் கோபித்துக்கொண்டார்.

டாலஸ் டாக்டரிடமும் போனார்கள். நரைத்த தலை, நிதானமான அம்மாள். பொம்மைகளும் கட்டைகளும் வைத்து ரோஷினியோடு வெகுநேரம் தரையில் உட்கார்ந்து விளையாடினார். கட்டையை ஒளித்துவைத்தபோது ரோஷினி அவரையும் "ஏனுங்!" என்று அதட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் கேட்டார்.

"அது... என் மனைவி என்னைக் கூப்பிடுவது" என்று செல்வராஜ் ஆங்கிலத்தில் இழுத்தான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசியில் அவர் சொன்னது சுருக்கம்தான். குழந்தை நன்றாக இருக்கிறாள், கெட்டிக்காரி, பேச்சு மட்டும் தாமதம். பயிற்சியைத் தொடருங்கள். வீட்டில் மட்டும் தாய்க்கு எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசட்டும், நிறையப் பேசட்டும். ஆங்கிலத்தை அவள் பள்ளியில் எடுத்துக்கொள்வாள்.

"தமிழ்ல பேசலாங்களா?" என்று சாந்தாமணி கணவனிடம் கேட்டாள். தன் காதில் விழுந்தது சரிதானா என்று உறுதி செய்துகொள்ள.

"பேசு சாந்தா. எவ்வளவு வேணாலும் பேசு."

திரும்பும் வழியில் அவள் பின் சீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஃப்ரீவேயில் போன லாரிகளையும், பாலங்களையும், விளம்பரப் பலகைக் கம்பத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த கருங்குருவிகளையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். "லாரி" என்றது ரோஷினியின் குரல். கொஞ்சம் கழித்து, "பெரிய லாரி." செல்வராஜ் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தபடி ஓட்டியதில் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட் பின்னால் போய்விட்டது. பின் சீட்டில் பேச்சு ஓயவில்லை. அடுத்த எக்ஸிட்டையும் விட்டுவிட்டு நேராக ஓட்டினான்.