எட்டாவது சிலிண்டர்

சட்டையின் மார்புப் பக்கத்தில் இருந்த கோடு போகவே மாட்டேன் என்றது. மூன்றாவது முறையாகப் பாத்திரம் தேய்க்கும் பொடியைத் தூவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். நுரை பழுப்பாக வந்தது. அலசிப் பார்த்தால், பொத்தான் வரிசைக்குக் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல, அதே கோடு.

அக்கா குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“உள்ள என்னடா பண்ற இவ்வளவு நேரம்? பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துரும்.”

“வரேங்க்கா.”

“நேத்து ஆஸ்பத்திரில குடுத்த பை எங்க? அவரு சட்டை அதுலதான இருந்துச்சு?”

தண்ணீரை நிறுத்தினான். இனி மறைத்தால்தான் கண்ணை உறுத்தும். கதவைத் திறந்து ஈரச் சட்டையை நீட்டினான். அவள் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

“ஆயிலா?”

“ம்.”

“உன் ஷெட்டுக்குப் போயிட்டு எந்தச் சட்டையாவது ஒழுங்கா வீடு வந்திருக்கா? எத்தன தடவ சொன்னேன், பழைய சட்டையப் போட்டுட்டுப் போங்கன்னு. கேட்டாத்தான...”

பாதியில் நின்றுவிட்டது. திட்டு வாங்க வேண்டியவர் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்ததுபோல இருந்தது. சட்டையைப் பிழிந்து, உதறி, கொல்லைப்புறக் கொடியில் போட்டாள். காலரை இழுத்து நேராக்கி இரண்டு கிளிப்புகளை மாட்டினாள், நாளைக்கு யாரோ போட்டுக்கொண்டு வேலைக்குப் போகப் போவதுபோல.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி ஏறியவர். ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்ற தகட்டைத் தன் கையால் திருகி மாட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். கம்பெனி அவரைக் குழியிலிருந்து எடுத்து, புகார் வாங்கும் தொலைபேசி முன் உட்கார வைத்தது. “நேத்து வரைக்கும் லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணேன், இப்ப உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு ஆறுதல் சொல்றேன்” என்பார். அந்தச் சலிப்புக்கு மருந்தாகத்தான் சனிக்கிழமைதோறும் மச்சினனின் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

அவன் பஸ் டிப்போவில் எஞ்சின் மெக்கானிக். ஷெட்டில் நின்ற பந்தயக் கார் அவனுடைய சொந்தக் கிறுக்கு. இரண்டு டர்போ போட்டு ஆயிரத்தைந்நூறு குதிரைத்திறன் எடுக்கவேண்டும் என்பது கனவு. அதில் பாதிகூட வராமலேயே, போன சீசனில் காரோடு வந்த எஞ்சின் பிளாக், கிராங்க் தண்டு உட்காரும் இடத்தில் விரிசல் விட்டது. எட்டு சிலிண்டரையும் தாங்கும் உடம்பே அந்த பிளாக்தான். அது போனால் மற்றதெல்லாம் வெறும் சாமான். இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே கனமாக வார்க்கும் வெளிக் கம்பெனிகளில் ஒன்றிடம் புதிது வாங்கவேண்டும். இரும்பில் ஒன்று இருந்தது, அலுமினியத்தில் ஒன்று. மூன்று மாதம் இதே பேச்சு.

“மாப்ளே, அலுமினியம் அம்பத்தஞ்சு கிலோ. இரும்பு நூத்தியாறு. முன் சக்கரத்து மேல அம்பது கிலோவ எதுக்குடா சும்மா ஏத்திட்டுத் திரியணும்? நான் ஏறுனா மட்டும், எறங்குங்க அத்தான், வண்டி தாங்காதுங்கற.”

“டர்போ அழுத்தம் ஏறும்போது சிலிண்டர் வட்டமா நிக்கணும் அத்தான். அலுமினியம் சூட்டுல நெளியும். இரும்பு நின்ன எடத்துல நிக்கும்.”

“நின்ன எடத்துல நிக்கிறதுக்கு எதுக்குடா வண்டி? வீட்டுக்கு அஸ்திவாரமாப் போட்டுக்க.”

புகார்த் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, சுவரின் கனம், போல்ட்டுகளின் எண்ணிக்கை, எடை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார். கடைசிக் கட்டத்தில் அலுமினியம் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். ஓட்டை விழுந்தால் அலுமினியத்தை வெல்டு வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், இரும்பு வெடித்தால் எடைக்குத்தான் போடவேண்டும் என்றும் சொன்னார். அவன் இரும்பைத்தான் வாங்கினான்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு அது வந்தது. லாரிக்காரர் மரப்பெட்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் சரளைமேல் இறக்கிவிட்டுப் போய்விட்டார். சக்கரம் வைத்த எஞ்சின் கிரேன் சரளையில் உருளாது. மறுநாள் டிப்போ ஆட்கள் நாலு பேர் பலகைகளோடு வருவதாக இருந்தது. கனத்த பிளாஸ்டிக் உறைக்குள், துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய்ப் பூச்சோடு இருந்த அந்த இரும்பு, மழையில் ஒரு மாதம் கிடந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. விட்டிருக்கலாம்.

அவனால் விட முடியவில்லை. பெட்டியை அங்கேயே உடைத்தான். உறையைக் கிழித்தான். கடைசி அளவுவரை இழைத்து வந்திருந்த சிலிண்டர்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அது போதாமல், அளந்து பார்க்கும் ஆசையில், எட்டிலும் இருந்த எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடைத்து எடுத்தான். அத்தான் உள்ளேயிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவன் சொன்ன அளவுகளை எழுதிக்கொண்டிருந்தார். ஆறாவது சிலிண்டர் முடியும்போது வானம் இருண்டது. முதல் துளி பிளாக்கின் மேல்முகத்தில் விழுந்து, அந்த இடம் கறுத்தது.

எண்ணெய் துடைத்த புது இரும்பில் தண்ணீர் பட்டால் ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பு படரும். அப்போது அவனுக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான். கிழிந்த உறை காற்றில் பறந்து வேலியில் ஒட்டிக்கொண்டது.

“அத்தான், ஒரு கை புடிங்க. பதினஞ்சு அடிதான்.”

அவர் எழுதிய தாளை மடித்து ஜேபியில் வைத்தார். பிளாக்கின் ஒரு முனையை அவர் எடுத்துக்கொண்டார்.

“அலுமினியம் வாங்கியிருந்தா இத நான் ஒத்தக் கையில தூக்கியிருப்பேன், மாப்ளே.”

விளிம்பு மார்பில் பதிய, பின்பக்கமாகவே நடந்தார். ஷெட்டுக்குள் மேசைமேல் வைத்ததும் கைகளைத் தட்டிக்கொண்டு, டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். மழை தகரத்தில் இறங்கியது.

“மாப்ளே, கொஞ்சம் தண்ணி குடு. மூச்சு வாங்குது.”

“ஒரு நிமிஷம் அத்தான். இத மட்டும் தொடச்சிட்டு வந்துர்றேன்.”

காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி, எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு சிலிண்டராகத் தடவினான். இரண்டாவதில் இருக்கும்போது அவர் எதையோ சொன்னார். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, அவன் சிரித்து வைத்தான். நாலாவதில் ஒரு துளி உள்ளே ஓடியிருந்தது. அதற்குக் கூடுதல் நேரம் ஆனது. எட்டாவதில் துணியை விட்டபோதுதான் பின்னால் பேச்சே இல்லை என்பது மனதில் பட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாரு?” என்று கேட்டார்.

“உக்காந்திருந்தாரு சார்.”

பொய்யில்லை. உட்கார்ந்துதான் இருந்தார். அக்கா ஓடிவந்து கேட்டபோதும் அதையே சொன்னான். அவள் அதோடு விடவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி, “தண்ணியாவது குடிச்சாராடா?” என்றாள். “குடிச்சாருக்கா” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் பிடி தளர்ந்தது. அந்தத் தளர்வைப் பார்த்த பிறகு, சொன்னதைத் திருப்பி எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பத்து மணிக்கு வண்டி வந்தது. கூடம் நிறைந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா ஒரே கதையைச் சொன்னாள்.

“ஒரு கஷ்டமும் படலீங்க. என் தம்பிகூடச் சிரிச்சுப் பேசிட்டு உக்காந்திருந்தாரு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அப்படியே கண்ண மூடிட்டாரு.”

சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. அவள் முகமும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெளிந்தது. கேட்டவர்கள் அவன் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்கள். ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் நாற்காலிகளை எடுத்துப் போடுவதும் வெயில் வந்த பக்கத்திலிருந்து நகர்த்துவதுமாகவே இருந்தான்.

லிஃப்ட் கம்பெனி ஃபோர்மன் மாலையோடு வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“ஆபீஸ்ல தண்ணி கேன் மாத்தணும்னாக்கூட எங்களத்தாங்க கூப்பிடுவாரு. கேலி பண்ணுவோம், என்ன சார், ராஜா கணக்கா இருக்கீங்கன்னு. வீட்டுல வாக்குக் குடுத்துட்டேம்பா, அஞ்சு கிலோவுக்கு மேல கைய வெச்சா அவ என்கிட்டப் பேச மாட்டாம்பாரு. எட்டு மாசம், ஒரு ஸ்பேனர் பெட்டியத் தொடலீங்க.”

அக்கா தலை நிமிர்ந்தாள். “சொன்ன சொல்லக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்காரு” என்றாள்.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தான்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மாலை ஐந்து மணி. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கூடத்தில் இரண்டு பக்கத்துவீட்டுப் பெண்கள் மட்டும் இருந்தார்கள். அத்தானின் பெரியக்கா வெகு தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வண்டி கிடைக்காமல், கடைசியாக முகம் பார்க்கக்கூட வாய்க்கவில்லை. அக்கா சமையலறையில் டம்ளர்களைக் கழுவினாள். வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. அவன் கழுவியதை வாங்கித் துடைத்து அடுக்கினான்.

“நேத்து நீ மட்டும் பக்கத்துல இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாக்கறேன்டா” என்றாள். “ஏதோ ஒரு லிஃப்ட் குழிக்குள்ள தனியாப் போயிருந்தா?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அக்கா, அத்தான் பிளாக்கத் தூக்குனாங்க.”

“எத?”

“அந்த எஞ்சின் பிளாக்க. மழ வந்துருச்சு. நான்தான் வெளிய வெச்சுப் பிரிச்சேன். நான்தான் ஒரு கை புடிங்கன்னு கூப்பிட்டேன்.”

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் டம்ளரில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு கனம்?”

“நூத்தியாறு கிலோ. ஆளுக்குப் பாதி.”

“முடியாதுன்னு சொல்லலியா அவரு?”

“சிரிச்சாரு.”

“சிரிப்பாரு” என்றாள். “சட்டையில இருந்தது அதானா?”

தலையாட்டினான். அவள் வழியும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஒரு பெண் இருமினாள். பிறகு அக்கா அவன் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“தண்ணி?”

கீழே வைத்த டம்ளரை எடுத்து மறுபடி துடைத்தான்.

“கேட்டாங்க. நான் சிலிண்டருக்கு எண்ணெ போட்டுட்டு இருந்தேன். துரு புடிச்சிரும்னு. எட்டையும் முடிச்சிட்டுக் குடுக்கலாம்னு... எட்டாவதுல இருந்தப்போ திரும்பிப் பாத்தேன்.”

“குடிக்கல.”

“இல்லக்கா.”

அவள் குழாயை மூடினாள். கைகளைப் புடவையில் துடைத்தாள், முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. அறைவாள் என்று நினைத்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எதுக்குடா எங்கிட்டச் சொன்ன?”

அவன் கையிலிருந்த டம்ளரை அடுக்கில் கவிழ்த்தான்.

“விடியக்காலைல ஒரு மணி நேரம் தூங்குனேன். தண்ணி குடிச்சிட்டுப் போனாருன்னு நெனச்சிட்டுத்தான் தூங்குனேன்.”

வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பக்கத்துவீட்டுப் பெண், “பெரியக்கா வந்துட்டாங்க” என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

பயணத்தில் கசங்கிய புடவையும் கையில் ஒரு துணிப்பையுமாக அந்த அம்மாள் கூடத்துக்குள் வந்தார். காலியாகக் கிடந்த நடுத்தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தவர் அழவில்லை. அக்கா போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததும், அவள் தலைமேல் கையை வைத்தார். அவன் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் தூக்கி வளத்த புள்ளம்மா அவன்” என்றார். “எப்படிப் போனான்? கஷ்டப்பட்டானா?”

“இல்ல அண்ணி.”

“கடைசியா ஒரு வாய்த் தண்ணியாவது குடிச்சானா?”

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அக்காவின் குரல் கேட்டது. காலையிலிருந்து சொன்னதுபோலவே, ஒரு நடுக்கமும் இல்லாமல்.

“குடிச்சாரு அண்ணி. ரெண்டு டம்ளர் குடிச்சாரு. என் தம்பிதான் குடுத்தான்.”

அந்த அம்மாள் தலையைத் தூக்கி அவனைத் தேடினார். “இங்க வாய்யா” என்றார். அவன் போனான். அவனுடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் தன் மூடிய கண்களில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. விரல்களுக்கிடையே வெதுவெதுப்பாக ஈரம் இறங்கியது.

நாற்காலி தாழ்வானது. அவர் விடும்வரை அவன் குனிந்தபடியே நின்றான். அக்கா எழுந்து, அவனைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள். உள்ளே அவள் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஒன்று பற்றவில்லை. இன்னொன்றை உரசினாள்.