லைப்போட்டுப் பரீட்சை

கட்டுமரத்திலேயே வளர்ந்த எனக்குப் படகு இறக்கப் பரீட்சை வைக்கிறார்களாம்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் அதைக் கேட்டபோது சிரிப்புதான் வந்தது. இந்தப் பக்கிரிக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியுமா என்று எங்கள் நொச்சிக்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

நான் ரங்கூன் போகிற நீராவிக் கப்பலில் கரி தள்ளுகிறவன். கப்பலின் அடிவயிற்றில் பாய்லர்கள் எரியும். நான்கு மணி நேரம் விடாமல் கரி வாரிப் போட வேண்டும்; நீராவி குறைந்தால் மேலேயிருந்து வசவு வரும். மூன்றே வருஷத்தில் நெஞ்சு பாழாகிவிட்டது. துப்பினால் கறுப்பு. இன்னும் ஒரு வருஷம் கீழே கிடந்தால் செத்துப்போவாய் என்று டாக்டர் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு ஒரு வழி சொன்னார். கப்பல் முழுகினால் ஆட்களைக் காப்பாற்றுகிற படகுதான் லைப்போட்டு; அதை இறக்கி ஓட்டத் தெரியும் என்று சர்ட்டிபிகேட் வாங்கினால் மேல்தளத்தில் வேலை. கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. பரீட்சை புதன்கிழமை.

அடையாற்றுக் கரையில் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே ஒரு பழைய கப்பல் படகைத் தொங்கவிட்டிருந்தார்கள். பரீட்சை வைத்தவர் மயிலாப்பூர் சுப்பராமன். பம்பாய்ப் பயிற்சிக் கப்பலில் படித்துக் கப்பல் அதிகாரியானவர். பரீட்சைக்கு வந்த ஆறு பேரும் ஏறினோம். முதல் கட்டளை என்னுடையது. கயிறு விட்டு இறக்கி, கொக்கி கழற்றி, துடுப்புப் போடச் சொன்னேன். எல்லாம் ஜோர்.

கால் நனைந்தது. நனைந்தால் என்ன? கட்டுமரத்தில் என்றைக்குக் கால் காய்ந்திருந்தது? அலை மேலே ஏறும், கட்டைகளின் இடுக்கு வழியாக இறங்கும். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி நின்றேன். துடுப்புப் போட்ட இனாயத்துதான் அலறினான்.

"யோவ் பக்கிரி, தண்ணி ஏறிக்கினே கீது!"

"வந்தா போவும், நீ வலி நைனா!"

போகவில்லை. படகு விளிம்புவரை ஆற்றில் உட்கார்ந்துவிட்டது.

"தக்கை எங்கேடா?" என்று சுப்பராமன் கரையிலிருந்து கத்தினார்.

மழைத்தண்ணீர் வடிவதற்காகப் படகின் அடியில் ஒரு துளை வைத்திருப்பார்கள். இறக்குமுன் அதில் தக்கை அடிக்க வேண்டும். கட்டுமரத்தில் துளை ஏது, தக்கை ஏது? தண்ணீரை இறைத்துவிட்டு முறைவைத்துக் கட்டளை கொடுத்த மற்றவர்கள் பாஸ். எனக்கு மட்டும், "மூணு மாசம் கழிச்சு வா."

வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்தேன். மத்தியானம், மீன் விற்று முடித்த என் பெண்சாதி தேசம்மா கூடையோடு வந்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"சாவுறதுக்கா ஊட்டுக்கு வரப் போற? சர்ட்டிபிகேட் இல்லாம எய்ந்தியோ, பாத்துக்க. இங்கியே குந்து."

தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் நாற்றம் தாங்காமலோ, எங்களைத் தாங்காமலோ, நான்கு மணிக்குச் சுப்பராமன் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்.

இந்த முறை தக்கையை அடித்த அடியில் படகே அதிர்ந்தது. இறக்கினேன், ஓட்டினேன், கொண்டுவந்து சேர்த்தேன். தண்ணீர்ப் பீப்பாய், வாளி, கோடரி, விளக்கு என்று படகில் உள்ளதையெல்லாம் தப்பில்லாமல் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார்.

"கடைசிக் கேள்வி. கப்பல் முழுகறது. அபாயச் சங்கு ஊதியாச்சு. முதல்ல என்ன பண்ணுவே?"

மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு படகருகே என் இடத்தில் நிற்பேன். இதுதான் பாடம், நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் சங்கு என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. பாய்லர் இரைச்சலில் கீழே எந்தச் சங்கு கேட்கும்? கப்பலில் நடந்த போன அபாய ஒத்திகையில் மேலே எல்லாரும் வரிசையாக நின்று கலைந்தே போனார்கள். நாங்கள் கரி வாரிக்கொண்டிருந்தோம். ஒரு நாய்கூட வந்து கூப்பிடவில்லை.

"கீழ எறங்கி ஓடுவேன் சார்."

"படகு மேலேன்னா இருக்கு?"

"ஆளு கீழ கீறான் சார்."

தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னேன்.

"பாடத்துல இது இல்லன்னு தெரியும் சார். பெயில் போட்டாலும் இதான். சங்கு அவனுக்குக் கேக்காது. யாராச்சும் போய் இஸ்துகினு வரணும்."

சுப்பராமன் பேனாவை மூடினார். ஆற்றையே பார்த்தார். மறுபடி திறந்தார்.

"உன்னோட கீழே வேலை செய்யறவா யார் யார்?"

"அப்துல் வஹீத், குப்பன், ரங்கன்."

சர்ட்டிபிகேட்டின் பின்பக்கம் அந்த மூன்று பேரையும் எழுதினார். பிறகு திருப்பி, முன்பக்கம் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அடுத்த ஒத்திகைக்கு இவாளையும் மேலே கூட்டிண்டு வா" என்றார்.