தலை காய்வதற்குள் ஒரு ஃபில்டர்

பைக்குக்கு மூச்சு முட்ட முட்ட நாச்சிமுத்துவின் வீடு நீண்டுகொண்டே போனது. முதலில் ஒரு முழம் நீண்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது கூடத்திலிருந்து பார்த்தால் அடுப்படி விளக்கு பொட்டுப் போலத்தான் தெரியும். கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, வயர் பத்தாது என்று சொல்லிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நாச்சிமுத்து கூடத்தில் இருந்தான். அவன் மனைவி ரேணுகா அடுப்படியில் இருந்தாள். காலையில் அவள் வைக்கும் காபி டம்ளர் மத்தியானம் அவனிடம் வந்து சேரும். யார் கொண்டுவருகிறார்கள் என்று அவன் கேட்டதில்லை. ஆறிப்போயிருக்கும். குடித்துவிடுவான்.

பைக்கும் கூடத்தில்தான் நின்றது. நின்றபடியே மூச்சு விடும். அது மண்ணில் ஓட்டுகிற பைக். ஞாயிறு தவறாமல் ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் ஏற்றி இறக்குவான். வந்ததும், பைக் இழுக்கிற காற்றிலிருந்து மண்ணை வடிக்கிற ஏர் ஃபில்டரைக் கழற்றி, காம்பவுண்டுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி மாட்டிவிடுவான். பைக் வாங்கின நாளிலிருந்து இதே வழக்கம். அந்த ஊரில் மண் பைக் வைத்திருந்தவர்கள் எல்லோருமே தட்டுகிறவர்கள்தான். கழுவுவது மெனக்கேடு என்பார்கள்.

அன்று டம்ளர் வரவில்லை. ஃபோன் வந்தது.

"ஏனுங்க, நான் எங்கூருக்குப் போறனுங்க," என்றாள் ரேணுகா.

"எப்ப வருவே?"

"அதத்தான் கத்திக் கத்திச் சொன்னனுங்க. உங்களுக்குக் கேக்கல."

"இப்பச் சொல்லு."

"இனிச் சொல்றதுக்கில்லீங்க. தலைக்கு ஊத்தியிருக்கறேன். காஞ்சதும் பின்வாசல் வழியாக் கெளம்பிருவேன்."

ரேணுகாவுக்கு அடர்ந்த கூந்தல். காய நேரம் எடுக்கும். ஆனால் வெயில் சுள்ளென்று அடித்தது. நடந்துபோனால் பொழுது சாய்வதற்குள் அடுப்படிக்குப் போய்ச் சேர முடியாது. வீட்டைச் சுருக்க ஒரே வழிதான் இருந்தது. ஃபில்டரைக் கழுவி, பைக்கின் மூச்சடைப்பை எடுக்க வேண்டும்.

ஃபில்டர் இருப்பது சீட்டுக்கு அடியில். சீட்டைக் கழற்றினான். ஒற்றை சீட்டு. பின்னால் ஆள் உட்கார இடம் கிடையாது. வாங்கிவந்த அன்றைக்கு ரேணுகா பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "நான் எங்கீங்க உக்கார்றது?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஃபில்டர் ஸ்பாஞ்சால் ஆனது. வாசலில் பேசினை வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி அமுக்கினான். மண் வந்தது. அது எல்லா ஃபில்டரிலும் வருகிற மண்தான். சோப்புத் தண்ணீரில் போட்டு அமுக்கியபோது குமிழி வந்தது. ஒவ்வொரு குமிழியும் உடைகிறபோது ரேணுகாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, சாப்பிட வாங்க."

"வந்துட்டேன்," என்றான்.

"ஏனுங்க, மழ வருது, துணிய எடுங்க."

"வந்துட்டேன்."

"ஏனுங்க, சும்மாதான் கூப்பிட்டேன்."

மறுபடியும் அமுக்கினான். இத்தனை வருஷமும் அவள் கூப்பிட்டதையெல்லாம் பைக் இழுத்து வைத்திருந்திருக்கிறது. சுவரில் தட்டினால் மண் உதிரும். கூப்பிட்டது உதிராது.

தண்ணீர் தெளிந்தது. ஸ்பாஞ்சின் நடுவில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. விரலுக்குத் தட்டுப்பட்டது. அமுக்கினான்.

"ஏனுங்க, நான் திரும்பி வர்றது," என்றது. அப்புறம் பேச்சில்லை.

ஸ்பாஞ்சை அமுக்கத்தான் வேண்டும், பிழியக் கூடாது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தான். ஸ்பாஞ்சு கிழிந்தது. உள்ளே இருந்த சொல்லும் சேர்ந்து கிழிந்தது. கிழிந்த சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எதிரிலேயே சாகுல் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஓடினான்.

"பிழிஞ்சீங்களா?" என்றார் பாய்.

"ஆமாங்க பாய். உள்ள ஒண்ணு மிச்சம் இருந்துச்சுங்க."

"எல்லாருக்கும் ஒண்ணு மிச்சம் இருக்குமுங்க." புதியது ஒன்றை எடுத்து வைத்தார். "நல்ல ஃபில்டர். ஒண்ணையும் தப்ப விடாது."

"கொஞ்சம் விடற மாதிரி இல்லீங்களா?"

"அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க."

திரும்பி வந்து, புதியதைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, மண்ணைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் ஆயில் விட்டு மெதுவாகப் பிசைந்தான். அப்போது வீட்டின் கோடியில் ரேணுகா ஈரத்துண்டை உதறும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. பைக்கில் ஃபில்டர் இல்லை, அதனால் கேட்டது. அந்த நேரத்தில் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளுக்கும் கேட்டிருக்கும். மண்டைக்கு எட்டினால்தானே. விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். செய்கிற வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அவனுக்கு.

மாட்டினான். பைக் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தது. வீடு மளமளவென்று சுருங்கியது. கல்யாண ஃபோட்டோ அவனைத் தாண்டிப் போய், திரும்பி வந்து பழைய இடத்தில் மாட்டிக்கொண்டது. அடுப்படி கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நின்றது.

மேடையில் ரேணுகாவின் ஃபோன் கிடந்தது. பக்கத்தில் காபி டம்ளர் இருந்தது. தொட்டால் சுட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சூடான காபி. குடிக்க மனசு வரவில்லை. கொடியில் ஈரத்துண்டு தொங்கியது. பின்வாசல் திறந்திருந்தது.

வீடு விட்ட நீளம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். பின்சந்துக்குப் போயிருந்தது. அங்கே ரேணுகா பையோடு நடந்துகொண்டிருந்தாள். கூந்தல் நன்றாகக் காய்ந்து காற்றில் பறந்தது. அவன் ஓர் அடி வைத்தான். சந்து ஓர் அடி நீண்டது. ஓடிப் பார்த்தான். சந்தும் ஓடியது.

இன்னும் கூப்பிடு தூரம்தான். "ரேணுகா," என்று கூப்பிட்டான். கூடத்தில் பைக் ஒரு மூச்சு இழுத்தது. அவள் திரும்பவில்லை.

ஃபில்டரைக் கழற்றினால் அவளுக்குக் கேட்கும். கழற்றக் கூடத்துக்குப் போக வேண்டும். போய் வருவதற்குள் அவள் சந்தைத் தாண்டிவிடுவாள். நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்று, "வந்துட்டேன்," என்றான். பைக் இழுத்துக்கொண்டது. மறுபடியும் சொன்னான். அதையும் இழுத்துக்கொண்டது. சாகுல் பாய் பொய் சொல்கிறவர் இல்லை. நல்ல ஃபில்டர்தான்.