டீயில் விழுந்த மாத்திரை

தனகோடி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். வாயில் போட்ட மாத்திரை மிச்ச டீயிலேயே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. வெறும் தண்ணீரில் குமட்டுகிறது என்பதால் தினமும் டீயோடுதான் விழுங்குவாள். எட்டாவதோடு நான் நின்றுவிட்ட பிறகு வீட்டில் டீ போடுவது என் வேலை. பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. திக்காக வெறும் டீ.

கழுவ எடுத்தபோது தம்ளருக்குள் டீ மை மாதிரி கறுத்திருந்தது.

அக்காவுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் அவள் பிழைத்ததே பெரிது, குழந்தை தங்கவில்லை. இந்த முறையும் ரத்தம் ஏறாவிட்டால் ரத்தம் கொடுக்க இரண்டு பேரைத் தயாராக அழைத்து வரச் சொல்லியிருந்தார் நர்ஸ். அன்றிலிருந்து அக்கா புருஷன் கங்காதரன் மாமாவுக்குக் குடியாத்தத்தில் தறி வேலை ஜாஸ்தியாகிவிட்டது, இந்தப் பக்கமே வருவதில்லை.

வேலை முடிந்து வந்த நைனாவிடம் தம்ளரைக் காட்டினேன். தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோலைப் புரட்டுகிறவர் அவர். ஓர் இரும்பு ஆணி விழுந்தாலும் பட்டைத் தண்ணீர் கறுத்து, தோலில் கறை பிடித்துவிடும்.

"இன்னாம்மா இது, நம்ம தொட்டில ஆணி வுழுந்த மாரி கீது?"

"டீயும் பட்டை மாதிரி துவர்ப்புதான நைனா?"

அவர் தம்ளரை முகர்ந்து பார்த்தார். "பட்டை புடிச்ச இரும்பு அப்பறம் எதுக்கும் ஆவாது."

"ஏன், என் வயித்துல தோல் ஊறப்போட்டுக்கிறீங்களா ரெண்டு பேரும்?" என்று அக்கா சிரித்தாள். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வயிற்றுக்குள் எது எதைப் பிடித்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் மாத்திரை கொடுத்தேன். டீ சாயங்காலம் மட்டும்.

"காலைல டீ இல்லாம தலைய வலிக்குதுடி. உன்ன கட்டிக்கப் போறவன் பாவம்" என்றாள். சில நாள் வாந்தி எடுத்தாள். மறுபடி விழுங்கினாள்.

அடுத்த மாதமும் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். நர்ஸ் அக்காவின் விரலைக் குத்தி, உறிஞ்சிய ரத்தத்தை மருந்து ஊற்றிய சிறு கண்ணாடிக் குழாயில் விட்டார். அது பழுப்பானது. பக்கத்திலிருந்த பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் தாங்குகிறதோ அவ்வளவு ரத்தம் என்று போன தடவை சொல்லியிருந்தார். போன தடவை சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். போன தடவை நிறுத்திய அளவைத் தாண்டியும், தண்ணீர் எடுக்க மறுபடி கையை நீட்டினார்.