முதல் பிடி

பேருந்து வாய்க்கால் மதகருகே நின்றபோது, இருக்கைக்கு அடியிலிருந்த அரிவாள் பெட்டி சறுக்கிக்கொண்டு வந்து என் குதிகாலில் இடித்தது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். முந்தானையை வரிந்து செருகியிருந்தார்கள், வேலைக்கு வந்தவர்களைப் போல. ஆனால் ஒருத்தி கையிலும் அரிவாள் இல்லை. எங்கள் பேருந்தைப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

பேருந்துக்குள் ஒரே கும்மாளம். வேளாண்மை, இயற்கை வளக் கல்லூரியின் உழவர் மன்றம் நடத்தும் அறுவடை முகாம் என்றால் எங்களுக்கெல்லாம் உல்லாசப் பயணம் மாதிரி. எங்கள் கல்லூரி பாபநாசத்துக்கு அருகே வயல்களுக்கு நடுவில் இருந்தது. மண் மன்றம், தேனீ மன்றம், காடு வளர்ப்பு மன்றம் என்று பல மன்றங்கள் இருந்தாலும் உழவர் மன்றத்தில் இருப்பவர்கள் நடையே வேறு. பையன்களில் பாதிப் பேர் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். நான் தரங்கம்பாடியிலிருந்து வந்தவள். அப்பாவுக்குக் கட்டுமரம், அம்மாவுக்கு மீன் கூடை. கல்லூரியின் பெயரில் இயற்கை வளம் என்று இருந்ததால் கடலும் அதில் சேர்த்தி என்று நினைத்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். வந்து பார்த்தால் குளத்து மீனைப் பற்றி ஒரே ஒரு பாடம் இருந்தது. "கடல்ல என்ன போடுவ அம்சா, குறுவையா சம்பாவா?" என்று முதல் வருடம் முழுக்கக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

அப்படிச் சிரிக்காத ஒருவர் வெங்கடசுப்ரமணியன். எனக்கு ஒரு வருடம் மூத்தவர், மன்றத் தலைவர். எந்த ஆணும் அதுவரை என்னை "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. இலையின் கணுவைத் தடவிப் பார்த்து ரகம் சொல்ல அவர்தான் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் வருடம் கருவிப் பொறுப்புக்கு என் பெயரைச் சொன்னதும் அவர்தான். யாரும் விரும்பாத வேலை அது. அரிவாள்களை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டி வைக்கவேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. பெட்டிச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டேன். வகுப்பில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்த மாதிரி இருந்தது. அந்தச் சாவிக்காகவே பலமுறை நான் பல விஷயங்களில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன் என்று அன்று காலைவரை எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் முகாம் வெங்கடசுப்ரமணியனின் அப்பா வயலில். குத்தாலம் பக்கம் உள்ளடங்கிய ஊர். ஊர் முகப்பில் கருப்பு சிவப்புக் கொடி ஒரு கம்பத்திலும் செங்கொடி இன்னொரு கம்பத்திலும் ஒரே காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. கதிர் முற்றிப் பழுத்து, பாதி வயல் சாய்ந்து கிடந்தது. மேற்கே வானம் ஈரத் துணி மாதிரி தொங்கியது. தை மாதத்தில் அப்படி ஒரு வானம் வரக்கூடாது.

குடிதண்ணீர் எடுத்துவரும் வேலை எப்போதும் பெண்களுக்குத்தான். நானும் என் அறைத்தோழி ஜெயாவும் குடத்தோடு மதகைத் தாண்டி அடிபம்புக்குப் போனோம். அங்கே ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்.

"புடிச்சுக்குங்க பாப்பா. வேல கெடக்குல்ல உங்களுக்கு."

"உங்களுக்கு வேல இல்லீங்களா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"எங்க வேலயத்தான் நீங்க பாக்க வந்துட்டீங்களே."

ஜெயா என் முழங்கையைக் கிள்ளினாள். அவள் குத்தாலத்துக்காரி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்தக் கிள்ளலில் புரிந்துகொண்டேன். நான் பம்புப் பிடியை விட்டுவிட்டேன். ராஜம்மாள் என்று அந்த அம்மாளின் பெயர். கோபமில்லாமல், வீட்டு விஷயம் சொல்வதுபோலச் சொன்னாள். நியாயக் கூலி என்று சர்க்கார் சட்டம் போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அறுவடைக்கு அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கவில்லை. அதனால் யாரும் அரிவாளைத் தொடுவதில்லை என்று சேரியில் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். போன வாரம் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். மறித்தார்கள். மறித்த ஆண்களெல்லாம் இப்போது மாயவரத்தில் காவலில் இருக்கிறார்கள்.

"இன்னைக்கு எங்களயும் மறிப்பீங்களா?"

"மறிக்க மாட்டோம். நீங்க படிக்கிற புள்ளைங்க. உங்க மேல ஒரு கை பட்டா எங்க தெருவே மிஞ்சாது. அது தெரிஞ்சுதான உங்கள அழச்சாந்திருக்காங்க." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வவுறு காயுது, உக்காந்து பாப்போம். பாக்குறதுக்குக் கேசு கெடையாதுல்ல?"

குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பும்போது தண்ணீர் என் மேலெல்லாம் தளும்பியது. நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் கரையில் மீனுக்கு விலை போதாதென்று ஊர்க்கட்டுப்பாடு போட்டுத் தொழிலை நிறுத்தினார்கள். ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வியாபாரி வேறு ஊர்ப் படகுகளை எங்கள் கரையிலேயே கொண்டுவந்து மீன் இறக்கினான். அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. மீன் இறக்கிய பையன்கள் எங்கள் பக்கம் திரும்பாமல் வேலை செய்தார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது என்று அம்மா இராத்திரி அப்பாவிடம் சொன்னாள். அப்படி நினைத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். இனி என்னைப் பற்றி யாரும் அப்படி நினைத்துக்கொள்ள முடியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமாடி?" என்று ஜெயாவைக் கேட்டேன்.

"ஊருக்கே தெரியும். பேசாம வா. ஒரு நாள் அறுத்துட்டுப் போனா அவங்க குடியா முழுகிடப் போவுது? நமக்கெதுக்கு வம்பு."

வெங்கடசுப்ரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தனியாக நாலடி தள்ளிப் போனோம்.

"சொல்லியிருக்கலாமே நீங்க."

"சொன்னா வருவீங்களா?"

அவர் பொய் சொல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தாழ்ந்த குரலில் பேசினார். தாத்தா காலத்து மிராசு தாத்தாவோடு போயிற்று. மிச்சம் இந்த ஒன்றரை வேலி நிலம்தான். அப்பா படுக்கையில். இந்தச் சாய்ந்த பயிர் மேல் இன்னொரு மழை பெய்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும்.

"கேக்கறத குடுத்துடலாமே. அரை மரக்கால்தான."

"குடுக்கலாம். அப்பாவே குடுத்துடலாம்னுதான் சொல்றார். ஆனா ஒருத்தரும் கூலிய ஏத்தக்கூடாதுன்னு நிலக்காராளெல்லாம் கூடிப் பேசி வச்சுண்டிருக்கா. நாங்க மட்டும் ஏத்தினா எங்க வயலுக்குத் தண்ணி வராது. களத்துல வைக்கோலுக்குத் தீ வச்சுடுவா." வீட்டுப் பேச்சு அவர் வாயில் வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

"அப்ப உங்க வீட்டுக்குப் பயம். பயம் உங்களுக்கு, அரிவாள் எங்களுக்கா?"

 எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்றும் தெரிந்திருந்தது. கையில் ஓர் அரிவாளோடு, சாய்ந்த பயிரின் முன்னால்.

அதற்குள் பேராசிரியர் பஞ்சநதம் விசில் ஊதிவிட்டார். மன்றத்துக்கு அவர்தான் ஆலோசகர். எந்த முகாமானாலும் முதலில் உறுதிமொழி. வரப்பில் வரிசையாக நின்று கையை நீட்டி எல்லோரும் சொன்னோம். மண்ணை மதிப்பேன், மண்ணில் உழைப்போரை மதிப்பேன். ஒவ்வொரு முகாமிலும் சொன்ன வாக்கியம்தான். எதிர்க்கரையில் ராஜம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நல்லாத்தான் சொல்லுதுங்க புள்ளைங்க. எழுதிக் குடுத்தவரு எந்த ஊருன்னு கேளுங்கடி."

கரையில் சிரிப்பு பரவியது. எங்கள் வரிசையிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். பேராசிரியரின் காது மடல் சிவந்தது.

"அம்சவல்லி, பெட்டியத் திற."

"திறக்க மாட்டேன் சார்."

நான் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் வரப்பு முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதல்முறையாக அது எங்கிருந்தோ வராமல் என் வயிற்றிலிருந்து வந்தது.

"என்னம்மா?"

"அவங்க வேலை நிறுத்தத்துல இருக்காங்க சார். இது முகாம் இல்ல."

"இது அரசியல் இல்லம்மா. பயிர் வீணாகுது. வெவசாயம் படிக்கிறவ, ஒரு நெல்லு உதிர்ந்தா மனசு பதறணும்."

"பதறுது சார். அவங்களுக்கும்தான் பதறும். அவங்க நட்ட பயிருதான இது."

"உபதேசமா? திறக்கலன்னா மன்றத்துல உன் பேர் இருக்காது. ஹாஸ்டல்ல இருக்குமான்னு நான் சொல்ல முடியாது. மீன் கூடையத் தூக்கிக்கிட்டுத் திரியவேண்டியதுதான்."

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருக்கும் அது உடனே தெரிந்துவிட்டது, பார்வையை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மீன் கூடை ஒரு மிரட்டல் என்று அவர் நினைக்கிறார். அந்தக் கூடைதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அதைத் தூக்கினால் கழுத்து எப்படி நேராக நிற்கும் என்று அவருக்குத் தெரியாது.

"கூடை எனக்குப் பாரம் இல்ல சார்" என்றேன்.

மூன்றாம் வருடத்துப் பையன் ஒருவன் மதகிலிருந்து கருங்கல்லை எடுத்துவந்தான். நான்கு அடியில் பூட்டு தெறித்தது. நான் தடுக்கவில்லை. பூட்டைக் காப்பாற்றுவதற்காக நான் பேசவில்லை. அவர்களே அரிவாள்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கைமாற்றிக்கொண்டார்கள். முந்தின நாள் நான் எண்ணெய் தடவிய பற்கள் எல்லோர் கையிலும் மினுங்கின. ஜெயாவும் ஒன்றை வாங்கினாள். என் கண்ணைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்த வெட்கம் போதாதென்று தோன்றியது. ஆனால் ஒன்றுமில்லாமலும் இல்லை.

"வெங்கட்டு, நீ ஆரம்பி" என்றார் பேராசிரியர்.

இந்தப் பக்கத்தில் யாரும் கண்ட இடத்தில் அறுக்க ஆரம்பித்துவிட மாட்டார்கள். வயலின் சனி மூலையில், நிலத்துக்கு உடையவர் கையால் முதல் பிடி அறுபட வேண்டும். சூடம் ஏற்றி, கிழக்கே பார்த்து ஒரு பிடியை அறுத்து வரப்பில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். புத்தகத்தில் இல்லாத அந்த வழக்கத்தை எங்கள் மன்றமும் மீறியதில்லை. அப்பா படுத்திருந்ததால் பிள்ளைதான் அறுக்கவேண்டும். அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு வடகிழக்கு மூலையை நோக்கி நடந்தார்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்துச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குறுக்கே வயலில் இறங்கினேன். சாய்ந்த பயிரை மிதிக்காமல் தாள்களை விலக்கி விலக்கிப் போனேன். கதிர்ச் சுணை கையெல்லாம் அரித்தது. அவருக்கு முன்பே மூலைக்குப் போய், வரப்பு இரண்டும் சேரும் இடத்தில், நிமிர்ந்திருந்த பயிருக்கு நடுவில் நின்றேன். இடுப்புவரை நெல். யாரோ பின்னால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

அவர் வரப்பில் சூடத்தை வைத்து ஏற்றினார். காற்றில் இரண்டு முறை அணைந்தது, மூன்றாம் முறை பிடித்தது.

"அம்சவல்லி, நகருங்க."

"மாட்டேன்."

"நகரு." முதல்முறையாக மரியாதை போயிருந்தது. "எங்க அப்பா சாப்பிட்டு மூணு நாள் ஆச்சு, தெரியுமா உனக்கு?"

"அவங்க சாப்பிட்டு எத்தன நாள் ஆச்சுன்னு திரும்பிக் கேளுங்க. கிட்டத்தான உக்காந்திருக்காங்க."

அவர் திரும்பவில்லை. கரையில் அந்தப் பெண்கள் எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. சேலைகள் காற்றில் படபடக்கும் சத்தம் கேட்டது. பின்னால் வரப்பு முழுக்க அரிவாள்களோடு என் மன்றம் நின்றது. முதல் மழைத்துளி என் புறங்கையில் விழுந்தது, பிறகு அவர் முதுகில்.

அவர் வயலில் இறங்கி, கிழக்கே பார்த்துக் குனிந்தார். இடது கையால் என் கால்மாட்டில் ஒரு பிடித் தாளைச் சேர்த்துப் பிடித்தார். அரிவாளைத் தாளின் அடியில் கொடுத்தார். நான் காலை எடுக்கவில்லை. அவர் இறுக்கிப் பிடித்த பிடிக்குள் தாள்களோடு சேர்ந்து என் புடவைக் கொசுவத்தின் ஓரமும் அகப்பட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிடியை விடவும் இல்லை, அரிவாளை இழுக்கவும் இல்லை. மழை வலுத்து, கதிர்களிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கை அப்படியே நின்றது.