விசில் நின்றபோது

என் நெஞ்சில் விசில் சத்தம் நின்றதும் என் மனைவி கோகிலவாணி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் செத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். தாராவியில் நான் பை தைக்கும் பட்டறையில் பசை டப்பா கவிழ்ந்த நெடியில் ஆரம்பித்த இழுப்பு, ஆட்டோவில் வந்த வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்துமாவுக்குத் தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலர் பம்பை நான் எப்போதோ விட்டுவிட்டேன். சத்தம் இல்லை, அதனால் நோயும் இல்லை என்று நினைத்த மகா புத்திசாலி நான்.

இப்போது அவளும் அப்படித்தான் நினைத்தாள். பக்கத்தில் காலில் ரத்தம் ஊறிய கட்டோடு ஒருவர் முனகிக்கொண்டிருந்தார்.

“இவுகளுக்கு அடங்கிட்டு. நீங்க முதல்ல போங்க அண்ணாச்சி” என்றாள் அவரிடம்.

அடிப்பாவி, அடங்கவில்லை, விசிலடிக்கக்கூட உள்ளே காற்று இல்லை என்று கத்த நினைத்தேன். வாய் திறந்தது, சொல் வரவில்லை. தொணதொணவென்று பேசுகிறேன் என்று தினமும் அவளிடம் திட்டு வாங்குகிறவன், ஒரு வார்த்தை பேச முடியாமல் சாகப் போகிறேன். அந்த வழியாகப் போன நர்ஸின் கோட்டை எட்டிப் பிடித்தேன். கோபமாகத் திரும்பியவள் நீலம் பாய்ந்திருந்த என் உதட்டைப் பார்த்தாள்.

“ஸ்ட்ரெச்சர் லாவோ! ஜல்தி!” என்று சீக்கிரம் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள்.

மாஸ்க், ஊசி, மறுபடி மாஸ்க். வெகுநேரம் கழித்து நெஞ்சில் மெல்ல விசில் கேட்டது.

“ஐயோ, திரும்ப வந்துட்டே!” என்று கோகிலவாணி அழுதாள்.

“வரட்டும்க்கா. காத்து போவுதுன்னுல்லா அர்த்தம்” என்றாள் அந்த நர்ஸ். பெயர் ஜோஸ்பின், நாகர்கோவில்காரி.

டாக்டர் சுஷ்மா இந்தியில் விளக்கினார். மருந்து குழாயைத் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதை அடக்க உடம்பே சில பொருள்களைச் சுரக்கும். செத்த அணுக்களைத் தின்று துப்புரவு செய்யவும் உடம்புக்குள்ளேயே ஆள் உண்டு. என் உடம்பில் அந்த வேலை மெதுவாக நடக்கிறதாம். பம்பை நிறுத்தினால் வீக்கம் மறுபடி ஏறிவிடும், சத்தம் நின்றதை நம்பாதே என்றார்.

வீடு வந்த சில நாளில் விசில் தேய்ந்து, ஒரு காலையில் அடியோடு நின்றது. பம்பை இழுத்து, வாய் கொப்பளித்துவிட்டு, அமைதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து கோகிலவாணி ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏன் சும்மா இருக்கீய? பேசுங்க!”

“என்னத்தப் பேச?”

“என்னத்தையாவது. நிறுத்தாம பேசுங்க.”

பட்டறை முதலாளியைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “ம், அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.