அரைத் தண்ணீர்ப் பாத்தி

1

ஒரு வேளாண் மாத இதழ் என்னிடம், பாசனத்தால் மண்ணின் சத்துக்கும் நொதிகளுக்கும் என்ன ஆகிறது என்று கட்டுரை கேட்டது. மூன்று நாள் படித்தும் எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கதையாக எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால் இது கதையாயிற்று.

2

நைனார்பாளையத்தின் மேல் விடியல் மெல்ல

[வேண்டாம். மண் பரிசோதனைக்கு விடியலோடு ஒரு வேலையும் இல்லை.]

ராதிகா முனைவர் பட்ட மாணவி. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. நைனார்பாளையத்தில் கொளஞ்சியப்பனின் மக்காச்சோளக் கொல்லையில் இரண்டு சிறு பாத்திகள் கட்டியிருந்தாள். ஒன்றுக்கு முழுத் தண்ணீர், மற்றதற்குப் பாதி. தண்ணீர் குறைந்தால், மண்ணில் உள்ள சத்தைப் பயிருக்கு உடைத்துக் கொடுக்கும் நொதிகள் சோர்ந்துபோகின்றனவா என்று இரண்டு ஆண்டுகளாக மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்தாள். (கதாநாயகி மண் அள்ளுவதை யார் படிப்பார்கள் என்று என் மனைவி கேட்டாள். அவளும் படிக்கவில்லை.)

பாதித் தண்ணீர்ப் பாத்தியில்தான் நொதிகள் துள்ளின. பாடப் புத்தகத்துக்கு நேர்மாறு. வழிகாட்டிப் பேராசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ‘பாதித் தண்ணீர் போதும்’ என்று உழவர்களுக்கான பரிந்துரையையே தயாரித்துவிட்டார். அதைக் கேட்ட கொளஞ்சியப்பன், தன் நான்கு ஏக்கருக்கும் தண்ணீரைப் பாதியாக்க முடிவு செய்தார். அதில் ஓர் ஏக்கரை ஆயம்மாள் குத்தகைக்குப் பயிரிடுகிறாள்.

3

ஆயம்மாளைச் சிரிப்புக் காட்டத்தான் கதைக்குள் கொண்டுவந்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. ராதிகாவின் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டும் கூலியாளும் அவள்தான். கடைசி மண் மாதிரி எடுக்க முன்னறிவிப்பில்லாமல் வந்த ராதிகா, அரைத் தண்ணீர்ப் பாத்தியில் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது?”

“சாணித் தண்ணி. பக்கத்துது வயிறார குடிக்குது, இது வாயப் பாத்துக்கினு நிக்குது. மனசு கேக்குமா?”

“எத்தினி நாளா?”

“ரெண்டு வருசமா. உனுக்கும் நல்ல பேரு வரணும்ல.”

சாணி விழுந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றோடு நொதிகளும் பெருகும். ராதிகா இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். அவளுக்கு அழுகை வந்தது.

“யார்கிட்டயும் சொல்லாதக்கா,” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“நான் இன்னாத்துக்கு சொல்றேன். ஆனா எங்கொல்லைக்கும் பாதித் தண்ணின்னா, ஒரு ஏக்கருக்கு எத்தினி கொடம் தூக்குவேன், சொல்லு.”



4

முதல் முடிவு: ராதிகா உண்மையைச் சொல்கிறாள். பட்டம் தள்ளிப்போகிறது. பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. [உன்னதமான முடிவு. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.]

இரண்டாம் முடிவு: சாணித் தண்ணீரை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சேர்க்கிறாள். அதைப் படித்த பேராசிரியர் மனம் திருந்தி

[இதை நானே நம்பவில்லை.]

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அவள் என்ன செய்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு யாராவது வந்து, பயிருக்குப் பாதித் தண்ணீரே போதும், ஆராய்ச்சியில் நிரூபித்தாகிவிட்டது என்று சொன்னால், கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயம்மாள் அதுவரை காத்திருக்க முடியாது. இந்தப் போகத்துக்கு விதை ஊன்றிவிட்டாள்.